மழைக்கு முன்பே கான்

கேள்வி: டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆட்டத்தில் நான் இன்ஜினியர். கட்டுகிற சென்ட்ரி எதுவும் நிலைப்பதில்லையே, ஏன்?
- ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: மழை கொட்டத் தொடங்கிய பிறகா உங்கள் மலையில் கான் வெட்டுவார்கள்? எதிரி வருமுன் கட்டி முடித்துவிடுங்கள். சென்ட்ரி கட்டுவதற்கு 130 உலோகம், ஒவ்வொரு படி உயர்த்த 200. கையில் கொள்வதே 200தான். அதனால் பக்கத்திலேயே உலோகம் தரும் டிஸ்பென்சர் ஒன்று, 100 செலவில், அவசியம். சென்ட்ரியை வெட்டவெளியில் வைக்காதீர்கள், எதிரி முடக்கில் திரும்பியதும் அது சுட வேண்டும்.

எதிரணி ஸ்பைதான் பெரிய தொல்லை. நம் அணிக்காரன் வேடத்திலேயே வருவான். அருகில் வருகிற எவரையும் ரெஞ்சால் ஒரு தட்டுத் தட்டுங்கள். வழக்கமான ஆட்டத்தில் நண்பனுக்கு வலிக்காது. கட்டியதை முடக்கி அழிக்க ஸ்பை வைக்கும் சேப்பர், தேயிலைக்குள் காலில் ஏறும் அட்டையேதான். சென்ட்ரியில் ஒட்டியதைக் கண்டதும் அடித்து விழுத்துங்கள்.