பீடிக்கு இல்லாத சர்க்யூட்

எங்கள் வீட்டில் நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தால், மனைவி எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாள். மின்சார விஷயத்தில் இத்தனை பேர்பெற்ற என்னிடம்தான், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மச்சினன் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, “அத்தான், ஒரு சிகரெட்டுக்குள்ள எதுக்கு இவ்வளவு சாமான்?” என்று கேட்டுவிட்டான். யாரோ ஒரு இ-சிகரெட்டைப் பிளந்து மேஜைமேல் பரப்பியிருந்தார். லித்தியம் பேட்டரி, பஞ்சோடு ஒரு கம்பிச்சுருள், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டத் தகரம், குட்டியாக ஒரு சர்க்யூட் போர்டு.

பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். முக்கூடல்காரர். சொளவை மடியில் வைத்து, ஆயிரம் ஆயிரமாகப் பீடி சுற்றி மகளைப் படிக்கவைத்தவர். வீடியோவைப் பார்த்துவிட்டு, “பீடியில இலை, தூளு, நூலு. நாலாவதா ஒண்ணு கெடையாதே, மாப்பிள” என்றார்.

விடுவேனா? பாளையங்கோட்டையில் ஒரு மாமியார் தானாக வந்து மருமகனிடம் விளக்கம் கேட்பது தினமும் நடக்கிற காரியமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

பீடியைப் பற்றவைக்கத் தீக்குச்சி இருக்கிறது. இதைப் பற்றவைக்க யாரும் இல்லை. ஆகவே அந்த வட்டத் தகரம். மைக்குக்குத் தம்பி முறை அது. உள்ளே மெல்லிய ஏடு ஒன்று இருக்கும். வாய்வைத்து இழுத்ததும் காற்றழுத்தம் குறைந்து ஏடு வளையும். சிப் அதைக் கண்டுகொண்டு டிரான்சிஸ்டரைத் திறந்துவிட, சுருளுக்கு மின்சாரம் பாயும். பேட்டரி 3.7 வோல்ட், சுருளின் தடை 1 ஓம் என்று வைத்தால் 13 வாட்டுக்கும் மேல். எங்கள் ஹாலில் தொங்கும் எல்இடி பல்பே 9 வாட்தான். அந்த வெளிச்சத்தில்தான் இந்த உரை நடந்துகொண்டிருந்தது.

“ஆனி, ஆடிக் காத்துல அதுவா பத்திக்கிடாதா?” என்றார் அத்தை.

கேட்கவேண்டிய கேள்வி. சாரல் மாதத்தில் மேற்கேயிருந்து வீசும் காற்றில், பஸ் ஸ்டாண்டில் இரண்டு கையையும் குவித்துப் பீடி பற்றவைக்கிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர் அல்லவா! பஸ் குலுக்கலையும் ஊதல் காற்றையும் உறிஞ்சலிலிருந்து பிரித்தறிய வேண்டியதும் சிப்பின் பாடுதான். அதுவும் சில சமயம் ஏமாறும். எச்சிலோ திரவமோ சென்சாருக்குள் இறங்கினால், இழுக்க ஆள் இல்லாமலே சுருள் சூடேறும். விமானத்தின் சரக்கறையில் போகும் பெட்டிக்குள் இ-சிகரெட் வைக்கக்கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இல் விதித்தது, பெட்டிக்குள் இப்படித் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்ற பயத்தில்தான்.

தொடங்கிவைப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை. பீடிக்கு அந்தக் கவலை கிடையாது. “வாயில வச்சிட்டுப் பேசிட்டிருந்தா அணைஞ்சிரும்லா” என்றார் அத்தை. பீடி இலையின் குணம் அது. இழுத்துக்கொண்டே இருந்தால்தான் கங்கு நிற்கும். பேட்டரிக்கு அந்த நல்ல குணம் இல்லை. தீர்கிறவரை கொடுத்துக்கொண்டே இருக்கும். பஞ்சில் ஊறியிருப்பது கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும். இரண்டாவது கொதிக்கவே 188 டிகிரி வேண்டும். ஈரம் இருக்கிறவரை சூடு ஆவியோடு போய்விடும். பஞ்சு காய்ந்தால் கருகும், தொண்டை எரியும், ஃபார்மால்டிஹைடு போன்ற விஷங்கள் கூடும். அதனால் பல கருவிகளில், விடாமல் இழுத்தாலும் 8, 10 விநாடியில் சிப் மின்சாரத்தை வெட்டிவிடும். பேட்டரி அளவுக்குமீறி வடிந்தாலும், ஷார்ட் ஆனாலும் அப்படியே.

சிப் இல்லாமலே முயன்றவரும் உண்டு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் 1963-லேயே புகையில்லாச் சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டு, 1965-இல் வாங்கியும்விட்டார். பேட்டரி உண்டு, சிப் கிடையாது. செய்து விற்க ஆளும் கிடைக்கவில்லை. சீன மருந்தாளர் ஹான் லிக் 2003-இல் இ-சிகரெட்டோடு வந்தபோது பேட்டரியும் சிப்பும் விரல் அளவுக்குச் சுருங்கியிருந்தன.

இந்த இடத்தில் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன். எட்டு விநாடி எப்போதோ கடந்திருந்தது.

“பீடிதான் உத்தமம்னு ஆயிரும் போலியே” என்று மச்சினன் சிரித்தான். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏலே, தூளு நெடியில இருமி இருமி என் நெஞ்சு காஞ்சு கெடக்கு. ரெண்டும் சனியன்தான். நீ ஒண்ணும் கொண்டாரலியே?”

தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடைசெய்ததையும், 2019-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்ததையும், வெளிநாட்டிலிருந்து இறக்கி முதல்முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

ஒரு லட்சத்துக்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்றவேண்டும் என்று அத்தை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். உதவலாமே என்று போனில் கால்குலேட்டரைத் தேடினேன். அது அகப்படுவதற்குள் கணக்கை முடித்துவிட்டு, மகனைப் பார்த்து, “அந்தக் கருமம் துபாயிலேயே கெடக்கட்டும்” என்றார்.