ஸ்டேஷன் சார்

எங்கள் காலனியில் அவருக்கு 'ஸ்டேஷன் சார்' என்று பெயர். புதிதாகக் குடிவருகிறவர்கள், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டு, தத்கால் டிக்கெட்டுக்கு வழி கேட்டு வருவார்கள். சார் காலமெல்லாம் வேலை பார்த்தது ஒரு நூல் மில்லின் கணக்குப் பிரிவில். ரயில்வேயிலிருந்து அவர் வாங்கிய பணம் என்றால், ரத்து செய்த டிக்கெட்டுக்குப் பிடித்தம் போகக் கிடைத்த மீதிதான்.

போட்டோவில் எந்த ரயில் நிலையத்தைக் காட்டினாலும் ஊர் பேர் சொல்லிவிடுவார். அதுதான் அவருடைய வித்தை. பெயர்ப்பலகை தெரிகிற படத்தை மட்டும் அவரிடம் நீட்டக்கூடாது. "போர்டு தெரிஞ்சா அப்புறம் நான் எதுக்கு?" என்று செல்போனை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

படத்தில் நிற்கும் மனிதர்களை அவர் ஓர் இடைஞ்சலாகத்தான் கருதுகிறார். முன்வீட்டு அம்மாள் ஒருநாள் பழைய ஆல்பத்திலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தார். தாத்தாவும் பாட்டியும் பிளாட்பாரத்தில் விறைப்பாக நிற்கிறார்கள். தாத்தாவின் தோளுக்கும் பாட்டியின் கொண்டைக்கும் நடுவே, பின்னால் இருக்கும் பலகையில் 'ச்சி' என்று ஓர் இணுக்குத் தெரிகிறது. பாட்டி கோயமுத்தூர் பக்கம் என்பதால், இது பொள்ளாச்சி என்பது அந்தக் குடும்பத்தின் பரம்பரை நம்பிக்கை.

சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். "உங்க தாத்தா ஒரு எட்டுத் தள்ளி நின்னிருக்கக் கூடாதாம்மா?" என்று அலுத்துக்கொண்டார். பிறகு கொண்டைக்கு மேலே விரலை வைத்தார். "பொள்ளாச்சின்னா தென்னை இருக்கணும், மலை இருக்கணும். இங்க பாருங்க, பனை. வரிசையா பனை. இது மணியாச்சி!" அதோடு விட்டாரா? 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷ், வண்டிப் பெட்டி, வாஞ்சிநாதன், பிற்பாடு அந்த ஸ்டேஷன் வாஞ்சி மணியாச்சி ஆனது என்று அரை மணி நேரம். அந்த அம்மாள் காப்பி ஆறும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க சார், பாட்டி இடுப்புல இருக்கிற குழந்தை எங்க அம்மாவா, பெரியம்மாவா? நீங்கதான் காலத்தையும் சொல்லுவீங்களாமே" என்றார்.

"குழந்தையா?" சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எங்க இருக்கு குழந்தை?"

காலம் சொல்வதிலும் ஆள் கெட்டிக்காரர்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். பெட்டிகள் அரக்குச் சிவப்பா, நீலமா என்பதை வைத்தே தொண்ணூறுகளுக்கு முன்னா பின்னா என்று பிரித்துவிடுவார். தண்டவாளத்தின் இடைவெளியைக் கண்ணாலேயே அளப்பார். மீட்டர் கேஜ் என்றால் 1000 மில்லிமீட்டர், அகலப்பாதை 1676. மீட்டர் கேஜ் தண்டவாளமும் தலைக்கு மேலே மின்கம்பியும் ஒரே படத்தில் இருந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. இந்தியாவிலேயே அந்தச் சேர்க்கை சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து விழுப்புரம் வரையுள்ள பாதையில் மட்டும்தான் இருந்தது. தாம்பரம் வரை 1931-லேயே மின்சார வண்டி வந்தாகிவிட்டது. மீட்டர் கேஜ் புறநகர் வண்டி 2004-ல் நின்றது. இந்த இரண்டு வருஷங்களையும் அவர் தம் பிள்ளைகளின் பிறந்த வருஷங்களைவிடத் தெளிவாகச் சொல்வார். பள்ளிக்கூட விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் இது நிரூபணமானதாக அவர் மனைவி சொல்கிறார்.

சாரின் மனைவி பட்டது கொஞ்சமல்ல. 'மூன்றாம் பிறை' முடிவில் கமல் குட்டிக்கரணம் போட்டு அழும்போது தியேட்டரே விசும்பியிருக்கிறது. சார் மட்டும் மனைவியின் தோளைத் தட்டி, "கேத்தி ஸ்டேஷன்" என்றாராம். முன்வரிசைக்காரர் திரும்பி முறைக்கவே, ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிறது என்று அவருக்கும் விளக்கம் கிடைத்தது. எழும்பூரைக் காட்டி சென்ட்ரல் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். "ஒண்ணு 1873, இன்னொண்ணு 1908. மணிக்கூண்டு எதுல இருக்குன்னுகூடவா தெரியாது?"

இப்போது அவருக்கு ஒரு பெரிய கவலை. 2023-ல் தொடங்கிய அம்ரித் பாரத் திட்டத்தில் ஊர் ஊராக ஸ்டேஷன்களுக்கு முகப்பு மாற்றுகிறார்கள். ஓட்டுக் கூரையும் வளைவுத் தூணும் மறைந்து, பளபளப்புப் பலகை ஒட்டிய முகப்புகள் வருகின்றன. பயணிகளுக்கு லிப்ட் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் எல்லா ஊரும் ஒரே ஜவுளிக்கடை மாதிரி நின்றால் சார் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்? "இனிமே ஊரைக் காட்டுறதுக்கு மலையும் மரமும்தான் பாக்கி" என்கிறார். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் இருக்கின்றன, அது ஒரு ஆறுதல்.

வித்தை வம்பில் முடிந்ததும் உண்டு. மூன்றாவது மாடிக்காரரின் மகன், சேலத்தில் சிநேகிதன் கல்யாணம் என்று சொல்லிக் கிளம்பினான். மறுநாள் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டான்: புதிதாக வாங்கிய ஷூ, பக்கத்தில் கொஞ்சம் தண்டவாளம். 'எப்படி இருக்கு?' என்று கேள்வி. அப்பா பெருமையாக அதை சாரிடம் காட்டினார். சார் ஷூவைப் பார்க்கவே இல்லை.

"நடுவுல பாருங்க, பல்லு வெச்ச இரும்பு. பல்சக்கரப் பாதை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல மட்டும்தான் இது. ஹில்குரோவா இருக்கலாம், இல்லேன்னா ரன்னிமீட்."

"சேலத்துல இல்லீங்களா?"

"சேலத்துல ஏது பல்லு?" என்றார் சார், வெற்றிக் களிப்பில். அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி போனில் நடந்த பேச்சு தெருமுனை வரை கேட்டது.

அதற்குப் பிறகு காலனிப் பையன்கள் உஷாராகிவிட்டார்கள். வெளியூர் போனால் தண்டவாளம், தூண், மலை, மரம் எதுவும் விழாமல், வெறும் சுவரை ஒட்டி நின்று செல்பி எடுத்து அனுப்புகிறார்கள். போன வாரம் அப்படி ஒரு படம் சாரின் கைக்கு வந்தது. பத்து நிமிடம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பையனுக்கே பதில் எழுதினார்: "சுண்ணாம்பு அடிச்ச விதம் மதுரைக் கோட்டம் மாதிரி இருக்கு தம்பி. கொஞ்சம் இடது பக்கமா நகர்ந்து இன்னொண்ணு எடுத்து அனுப்பு. உன் தலை மறைக்குது."