மானுக்கு ஒரு மனு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போக ஆசையா? நல்லது. அவசரப்பட்டுத் துப்பாக்கி வாங்கிவிடாதீர்கள். பூட்ஸும் பைனாகுலரும்கூட இப்போது வேண்டாம். முதுகுக்கு இதமான நாற்காலி ஒன்று வாங்குங்கள். முதல் சில வருஷங்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்.

கொலராடோவில், டென்வருக்கு வெளியே குடியிருக்கும் நான் ஏழு வருஷத்து வேட்டைக்காரன். இந்த ஏழு வருஷத்தில் காட்டில் கழித்தது ஆறு நாள். மீதி நாளெல்லாம் விண்ணப்பம், கையேடு, வரைபடம், பாஸ்வேர்டு. இந்தத் தகுதியில் புதியவர்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

முதலில் மான் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே காட்டு விலங்கு நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. மக்களின் பொதுச் சொத்தாக மாநில அரசு அதைப் பராமரிக்கிறது. என் வீட்டு வாசலில் ஒரு மியூல் டீர் (கோவேறு கழுதைக் காதும் கறுப்பு நுனி வாலும் கொண்ட மான்) வந்து என் மனைவி நட்ட டியூலிப் பூக்களை ஒவ்வொன்றாகத் தின்னும். நான் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அதன் ஒன்றுவிட்ட சித்தப்பாவைச் சுட மனு போட்டுக்கொண்டிருப்பேன். அதுவும் என்னைப் பார்க்கும். இரண்டு பேருக்கும் சட்டம் தெரியும்.

அந்த மனுவுக்குக் கிடைக்கும் வரம்தான் டேக். மாநிலத்தை யூனிட் யூனிட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இந்த வருஷம் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று கணக்குப் போட்டு, அத்தனை டேக் மட்டும் கொடுப்பார்கள். கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு இருப்பதால் குலுக்கல்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1972-ல் டக் பர்ரிஸ் என்ற டெக்சாஸ்காரர் கொலராடோவின் டொலோரஸ் கவுண்டியில் ஒரு கலைமானைச் சுட்டார். பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்தின் பதிவேட்டில், ஒழுங்கான கொம்பு கொண்ட மியூல் டீர் வரிசையில், அதுதான் உலக சாதனை. அந்தக் காலத்தில் கொலராடோவில் மான் லைசென்ஸைக் கடையில் கேட்டு வாங்கலாம். அதே 1972-ல்தான் நம் ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குப் பூட்டுப் போடத் தொடங்கியது. கொலராடோ பூட்டவில்லை, வரிசை வைத்தது. 1999 முதல் இங்கே மான் டேக் முழுக்கக் குலுக்கலில்தான். பர்ரிஸ் இன்று பிறந்து வந்தால் அவரும் என் பக்கத்து நாற்காலிதான்.

இனி பாயிண்ட். கொலராடோவில் ஒரு வருஷம் கேட்டுக் கிடைக்காவிட்டால் ஆறுதலாக ஒரு பாயிண்ட் தருவார்கள். அடுத்த குலுக்கலில் அதிக பாயிண்ட் வைத்திருப்பவருக்கு முதலில் கொடுப்பார்கள். ஊரில் குலுக்கல் சீட்டுப் போட்டவர்களுக்கு இது பழகிய சங்கதி போலத் தோன்றும். ஏமாறாதீர்கள். சீட்டில் இருபது பேர், இருபது மாதம். கடைசி மாதமாவது பணம் கைக்கு வந்துவிடும். இங்கே நல்ல யூனிட் ஒன்றில் பத்து டேக், இருநூறு பேர் ஒரே பாயிண்டோடு நிற்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களை முடிக்கவே இருபது வருஷம். அவர்களுக்குக் கீழ்ப்படியில் இன்னொரு நானூறு பேர். வருஷா வருஷம் புதிதாகச் சேருபவர்கள் தனி. அதனால் போன வருஷம் ஆறு பாயிண்டில் கிடைத்தது, நீங்கள் ஆறைச் சேர்க்கும்போது எட்டாகியிருக்கும். எட்டைச் சேர்த்தால் பத்து. இலவு காத்த கிளிக்காவது காய் வெடித்து, பஞ்சு பறந்து, ஒரு முடிவு தெரிந்தது.

முன்பு விண்ணப்பிக்கும்போதே முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். அந்தப் பயத்தில் பாதிப் பேர் ஒதுங்கியிருந்தார்கள். 2018-ல் கொலராடோ அதை நீக்கி, கிடைத்தால் கட்டினால் போதும் என்றது. கூட்டம் பொங்கிவிட்டது. அடுத்த வருஷமே ஒரு தகுதி லைசென்ஸ் வாங்கினால்தான் மனு போடலாம் என்று மாற்றினார்கள். பெரும்பாலோர் வாங்குவது சின்ன விலங்கு லைசென்ஸ். அதாவது மானுக்கு மனுப் போட முயலுக்குப் பணம் கட்ட வேண்டும். வள்ளுவர் முயல் வேட்டையைக் குறைத்துப் பேசியது இவர்கள் காதுக்கு எட்டவில்லை.

வேறு மாநிலத்தில் முயன்றால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நெவாடாவில் பாயிண்டை அதே எண்ணால் பெருக்கிவிடுகிறார்கள். பத்து பாயிண்ட் என்றால் குலுக்கலில் நூறு சீட்டும், இந்த வருஷ மனுவுக்கு ஒன்றும். கேட்க இனிமையாக இருக்கும், பக்கத்தில் நிற்பவரிடம் இருபது பாயிண்ட் இருப்பது தெரியும்வரை. அரிசோனாவில் ஐந்து வருஷம் விடாமல் விண்ணப்பித்தால் விசுவாசத்துக்கு ஒரு பாயிண்ட். தோற்றுக்கொண்டே இருந்ததற்கு இப்படிச் சன்மானம் தரும் அரசாங்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நியூ மெக்சிகோவில் பாயிண்டே கிடையாது. அங்கே டேக்கில் 84 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு, 10 சதவீதம் வழிகாட்டி வைத்துக்கொள்பவருக்கு, மிச்சம் 6 சதவீதம் மற்ற எல்லாருக்கும். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பில் வதங்கிக்கொண்டிருக்கும் நமக்கு இந்த 6 புதிதில்லை. ஹெச்-1பி பதிவு மார்ச், கொலராடோ மான் விண்ணப்பம் தொடங்குவதும் மார்ச். இரண்டிலும் ஒரே வருஷம் குலுக்கப்பட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. எது வந்தது என்று கேட்டால் எதைக் கேட்கிறாய் என்பார்கள்.

வெளியூர்க்காரருக்குக் கட்டணமும் பல மடங்கு. நியாயமா என்று நீதிமன்றம் போக நினைக்காதீர்கள். ஏற்கெனவே போய் வந்துவிட்டார்கள். மொண்டானாவில் உள்ளூர்க்காரர் 9 டாலரில் எல்க் என்ற பெரிய மானைச் சுடும்போது வெளியூர்க்காரரிடம் 225 டாலர் வாங்கினார்கள். 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. வேட்டை வெறும் பொழுதுபோக்கு, பிழைப்பில்லை என்பது அதன் எண்ணம். கொலராடோவில் ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தால் உள்ளூர் விலை. ஆகவே வேட்டைக்குச் செய்ய வேண்டிய முதல் செலவு வீட்டு வாடகை.

வயோமிங்கில் இன்னொரு வேடிக்கை. அங்குள்ள வனாந்தரக் காப்புப் பகுதிகளில் வெளியூர்க்காரர் தனியாக நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம். மான் சுட மட்டும் கட்டண வழிகாட்டியோ, கூலி வாங்காத உள்ளூர் நண்பரோ கூட வர வேண்டும். உள்ளூர் நண்பரைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். மொத்த மாநிலத்திலும் ஆறு லட்சம் பேர்கூட இல்லை. அதில் எனக்கு அறிமுகமானவர் ஒருவர். அவர் சைவம்.

எல்லாம் சரி, காசு இருந்தால் வரிசை உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. சில டேக்குகளைப் பொது ஏலத்தில் விடுகிறார்கள். 2013-ல் மொண்டானாவின் காட்டுச் செம்மறி டேக் ஒன்று 4,80,000 டாலருக்குப் போனது. பணம் அந்த ஆடுகளின் பாதுகாப்புக்கே போகிறது என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

விண்ணப்பத்துக்கு வருவோம். கொலராடோவில் நான்கு விருப்பம் எழுதலாம். ஒவ்வொன்றும் ஒரு குறியீடு. முதல் எழுத்து டி, மானைக் குறிக்கும். இரண்டாவது பாலினம்: எம் என்றால் ஆண், எஃப் என்றால் பெண். பிறகு மூன்று இலக்க யூனிட், அப்புறம் சீசன், கடைசி எழுத்து ஆயுதம். எட்டே எழுத்து. ஆனால் கவனம். இரண்டாவது எழுத்தில்தான் என் கதை இருக்கிறது.

முதல் விருப்பத்தில் கிடைத்தால்தான் பாயிண்ட் செலவாகும். இரண்டாவதிலிருந்து கிடைத்தால் சேர்த்தது பத்திரமாக இருக்கும். இது இப்போதைய விதி. விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த வருஷக் கையேட்டைப் பாருங்கள். எனவே விவரமானவர்கள் முதல் விருப்பமாக ஒரு விசேஷக் குறியீட்டை எழுதுகிறார்கள். அதற்கு அர்த்தம், ‘எனக்கு இந்த வருஷம் டேக் வேண்டாம், பாயிண்ட் மட்டும் போதும்.’ வேட்டைக்கான விண்ணப்பத்தில் வேட்டைக்காரனின் முதல் விருப்பம் வேட்டை வேண்டாம் என்பது. இதைப் புரியாமல் நான் ஒரு வாரம் திணறினேன். புரிந்த பிறகு இன்னும் திணறுகிறேன்.

கூட்டாக விண்ணப்பிக்கலாமா? கொலராடோவில் ஒரு குழுவுக்கு, அதில் மிகக் குறைந்த பாயிண்ட் உள்ளவரின் கணக்குதான். மச்சானை அழைத்துப் போக வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். மச்சானிடம் பூஜ்யம். உங்கள் ஆறும் அன்றே பூஜ்யம். உறவா பாயிண்டா என்பதை மார்ச் மாதத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள்.

நான்காவது வருஷம், மூன்று பாயிண்டோடு, இரவு அரைத் தூக்கத்தில் விண்ணப்பித்தேன். மே கடைசியில் கார்டில் பணம் போயிருந்தது. குதித்தேன். மனைவி திரையை எட்டிப் பார்த்து, “ஏங்க, இந்த எஃப் எதுக்கு?” என்றாள்.

எம் அடிக்க வேண்டிய இடத்தில் எஃப். கிளைத்த கொம்போடு சுவரில் மாட்ட நினைத்த கலைமான் போய், பூஜ்யம் பாயிண்ட் வைத்திருப்பவருக்கே கிடைக்கும் பெண்மான் டேக் வந்திருந்தது. முதல் விருப்பம் ஆனதால் மூன்று பாயிண்டும் காலி.

போனேன். அக்டோபர் கடைசி, எட்டாயிரம் அடி உயரம், முழங்கால் வரை பனி. இடுப்புக்கு மேல் ஐந்நூறு சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு உடையும், தலையில் அதே நிறத்தில் தொப்பியும் இங்கே கட்டாயம். 2016 முதல் பிங்க்கும் செல்லும். இத்தனை ஆரஞ்சைப் பார்த்து மான் ஓடாதா என்று பயந்தேன். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நம்மைப்போல் பளிச்சென்று தெரியாதாம். காவி கட்டியவர்கள் மடியில் ஆசிரமத்து மான்கள் நிம்மதியாகப் படுத்திருந்ததன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. மூன்றாம் நாள் காலை நூறு கஜத்தில் ஒன்று நின்றது. ஒரே குண்டு. பிறகு நெடுநேரம் கை நடுங்கியது. அதை இங்கே கேலி செய்ய மனமில்லை.

டேக் எடுத்தேன். உள்ளங்கை அளவுக் காகிதம். கையெழுத்திட்டு, தேதி போட்டு, உடலோடு கட்ட வேண்டும். ஆணா பெண்ணா என்பதற்கான உடல் அடையாளத்தையும் அறுக்காமல் விட வேண்டும். அலுவலர் கேட்டால் காட்ட வேண்டும். செத்த பிறகும் அந்த மானுக்கு அடையாள அட்டை கேட்கிறார்கள். கறியைக் கூலரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மிளகு தூக்கலாகப் போட்டு மனைவி செய்த வறுவல் குளிர்காலம் முழுக்க வந்தது. எம் என்று அடித்திருந்தால் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருந்திருப்பேன். இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தே எஃப் அடித்தேன். கிடைத்தது.

யூட்டாவின் ஹென்றி மலைகளும் அரிசோனாவின் வடக்கு ஓரமும் கனவு யூனிட்டுகள். இருபது வருஷம் காத்திருப்பவர்கள் அங்கே சாதாரணம். அந்த வரிசையில் நிற்காதீர்கள் என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே பெண்மான் சாப்பிடுங்கள் என்கிறேன். அதுவும் கிடைக்காவிட்டால் ஆகஸ்டில் மிச்சமான டேக்குகளை முந்துபவருக்கு விற்பார்கள். தத்கால் டிக்கெட் எடுத்துப் பழகிய விரல்களுக்கு அங்கே போட்டியே கிடையாது.

வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் கொலராடோவில் கட்டாயம். 1949-க்கு முன் பிறந்திருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அவர்கள் இனிமேல் பாயிண்ட் சேர்க்கத் தொடங்குவது நல்லதல்ல.

விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று, இதில் கேலி இல்லை. குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. இதை நம்பி மட்டும் கடைக்குப் போய்விடாதீர்கள். உங்கள் விசாவையும் மாநில விதியையும் வக்கீலிடம் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் முதல் செவ்வாய் இரவு 8 மணிக்கு மூடுகிறது. 7:50-க்கு வந்து உட்காராதீர்கள். பாஸ்வேர்டு மறந்திருக்கும்.