முழங்காலியல்: எடப்பாடி வட்டாரத்து மீளோட்டுநரும் அவர்தம் வண்டித் தேர்வும்

தோற்றுவாய்

சங்ககிரிக் கோட்டையைப் பற்றி ஆய்வு உண்டு. எடப்பாடியிலிருந்து பழனிக்குப் போகும் காவடியைப் பற்றி உண்டு. மேட்டூர் அணையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஐம்பத்தைந்து தாண்டிய ஒருவர், இருபது வருஷம் வண்டியைத் தொடாமலே இருந்துவிட்டு, ஒருநாள் காலையில் முகம் மழித்து, சலவை வேட்டி கட்டி, ஷோரூம் வாசலில் போய் நிற்கிறாரே, அவரைப் பற்றி ஒரு பக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

இவ்வினத்தாரை ‘மீளோட்டுநர்’ என இக்கட்டுரை வழங்கும். முன்பு ஓட்டியவர், பின்பு விட்டவர், இப்போது மறுபடி ஓட்ட விழைபவர் என்பது இதன் இலக்கணம். விட்டதற்குக் காரணம் பல. மகன் கார் வாங்கியிருப்பான். மழைநாளில் ஒருமுறை சறுக்கியதில் வீட்டம்மாள் சாவியைப் பிடுங்கி வைத்திருப்பார். வீட்டிலேயே தறி போட்டபின் வெளியே போகிற சோலியே இல்லாமல் போயிருக்கும். மீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த மகன் காரை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டான்.

ஆய்வெல்லை

கிழக்கே கொங்கணாபுரம், தெற்கே சங்ககிரி, வடக்கே ஜலகண்டாபுரம், மேற்கே பூலாம்பட்டிக் காவிரித் துறை. இதற்கு அப்பால் நிகழ்பவற்றுக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர். வினாநிரல் எதுவும் அச்சடிக்கப்படவில்லை. எடப்பாடியில் வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் பொழுது சாயும்வரை வந்துகொண்டிருக்கும்.

முன்னாய்வாளர் கொள்கைகள்

இத்துறையில் மூன்று பள்ளிகள் உள. மகன் பள்ளி, மைலேஜ் ஒன்றையே மெய்ப்பொருளாகக் கொள்வது. அவர்கள் தொலைபேசியிலேயே முடிவு சொல்வர். மெக்கானிக் பள்ளி, “ஸ்பிளெண்டர எடுத்துக்குங்ணா, ஸ்பேரு பொட்டிக்கடையிலயுங் கெடைக்கும்” என்னும் ஒற்றைச் சூத்திரத்தின்மேல் நிற்பது. மனைவி பள்ளியின் நூல்கள் யாவும் அழிந்துபட்டன. எஞ்சியது ஒரு வரி: “இந்த வயசுல எதுக்குங்க?”

மைத்துனர்களும் கருத்துரைத்துள்ளனர். அவற்றை இடைச்செருகல் எனத் தள்ளுக.

அவாவியல்

மீளோட்டுநர் ஷோரூமுக்குள் ஒற்றையாக நுழைவதில்லை. இருபத்தைந்து வயதில் இருந்த தம்மையும் கூட்டிக்கொண்டே வருகிறார். தேர்வு கெட்டுப்போவது இங்கேதான். இவர் ஹாண்டில்பாரைத் தொட்டுப் பார்க்கும்போது அந்த இளைஞன் காதோரம் யமஹா ஆர்எக்ஸ் 100-இன் பெயரைச் சொல்கிறான்.

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன அந்த வண்டிக்கு 98 சிசிதான். ஆனால் 11 குதிரைத்திறன். எடையோ 103 கிலோ. இன்றும் கடைவீதியில் ஓர் ஆர்எக்ஸ் கத்திக்கொண்டு போனால் டீக்கடையில் பாதிப்பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அதைத் தேடிப் பிடித்து, புதுப்பித்து ஓட்டலாம் என்று நினைப்பவர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அன்றைக்கு உதிரிபாகம் கடையில் கிடைத்தது. இன்றைக்கு வைத்திருப்பவரிடம் கெஞ்ச வேண்டும். அவரும் ஒரு மீளோட்டுநராகவே இருப்பார், தரமாட்டார்.

புல்லட்டார் நிலை இன்னும் சிக்கலானது. 1955 முதல் சென்னையில், பின்னாளில் திருவொற்றியூர் என்றாலே நினைவுக்கு வரும் ஆலையில், உருவான அந்தப் பழைய வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டிகளில் எல்லாம் தலைகீழ். ஆகவே முன்னாள் புல்லட்டார் ஒருவர் ஸ்பிளெண்டரில் ஏறி, கியர் போடுவதாக நினைத்து வலக்காலை அழுத்தினால், வண்டி நடுரோட்டில் சட்டென நிற்கிறது. நிறுத்துவதாக நினைத்து இடக்காலை அழுத்தினால் அடுத்த கியர் விழுகிறது. வண்டி நிற்பதற்குப் பதில் நிம்மதியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. மூளை மறந்தாலும் பாதம் மறப்பதில்லை என்பது இவ்வாய்வின் முதல் முடிபு. மைசூரில் செய்த யெஸ்டியை ஓட்டியவர் நிலையைச் சொல்லத் தேவையில்லை. அதில் கிளப்புகிற கிக்கரே மடங்கிக் கியராகவும் ஆகும். அவர் புதுவண்டியில் ஏறினால் முதல் ஐந்து நிமிடம் கால் எங்கெங்கோ துழாவிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து ஒன்றே. ஷோரூமிலிருந்து நேரே கடைவீதிக்கு ஓட்டிவராமல், ஏதேனும் பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கால்களுக்குப் பாடம் நடத்துக.

அளவையியல்

விளம்பரத் தாளில் இருக்கை உயரம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். ஹீரோ ஸ்பிளெண்டருக்கு 785 மில்லிமீட்டர். ஹோண்டா ஷைன் 100-க்கு 786. பஜாஜ் பிளாட்டினா 100-க்கு 807. இப்போதைய புல்லட் 350-க்கு 805. ஒட்டுமொத்த வேறுபாடே இரண்டு சென்டிமீட்டர்தான். தடித்த செருப்புப் போட்டால் தீர்ந்துபோகிற விவகாரம். இதை வைத்து வண்டி தேர்பவர் ஏமாறுவார்.

எந்தத் தாளிலும் அச்சிடாத அளவு ஒன்று உண்டு. அதைக் ‘கால்வீச்சு’ என்க. உட்கார்ந்தபின் கால் தரையில் படுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. ஏறுவதற்கு அந்தக் கால் பின்சீட்டையும், அதன் பின்னாலுள்ள கம்பியையும், கம்பியில் கட்டியிருக்கிற நூல் பையையும் தாண்டுகிறதா என்பதே முதற்கேள்வி. வேட்டி கட்டியவருக்கு இது மும்மடங்கு கேள்வி. முழங்கால் ஓரளவு வரை ஒத்துழைக்கும். அதற்குமேல் வேட்டி ஒத்துழைக்காது. இரண்டும் ஒத்துழைத்தால் அந்நேரம் பார்த்து மருமகள் வீட்டார் எதிரே வருவார்கள்.

இவ்விடத்தில்தான் ஓசூர்ப் பேரறிஞர்களின் நுட்பம் வெளிப்படுகிறது. 1980-இல் டிவிஎஸ் 50 அங்கிருந்து வெளிவந்தது. இருவர் உட்காரும் மொபெட் இந்தியாவுக்கு அதுவே முதல். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிய அந்தத் தலைமுறை போய், 2015-இல் எக்ஸ்எல் 100 வந்தது: 99.7 சிசி, நான்கு ஸ்ட்ரோக், கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. முன்னால் டேங்க் குறுக்கே இல்லாததால் காலைத் தூக்கவே வேண்டாம். திண்ணையில் உட்காருவது மாதிரி பக்கவாட்டில் நுழைந்து உட்கார்ந்துவிடலாம். முன்னால் இருக்கிற தட்டில் மாட்டுத்தீவனம், பால் கேன், நூல் மூட்டை, சனிக்கிழமையானால் கொங்கணாபுரம் சந்தைக்குப் போகிற ஆடு, எல்லாம் ஏறும். ஆடு வழிநெடுக அமைதியாக வருவதை நேரில் காண்க.

எடை பற்றி ஒரு சொல். புதிய புல்லட் 195 கிலோ. ஸ்பிளெண்டர் 112. ஷைன் 100 வெறும் 99. எக்ஸ்எல் தொண்ணூறுக்குள் அடங்கும். ஓடும்போது எடை தெரியாது. ஆகவே பூலாம்பட்டித் துறைக்குப் போய், நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் விசைப்படகில் வண்டியைத் தள்ளி ஏற்றிப் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாதவர் ஷோரூமிலேயே சென்டர் ஸ்டேண்ட் போட்டு, இறக்கி, மறுபடி போட்டுப் பார்க்கட்டும். முகம் மாறாமல் செய்ய முடிந்தால் அந்த வண்டி அவருக்குரியது. இடுப்பில் கை வைத்தால் அடுத்த வண்டிக்கு நகர்க. டெஸ்ட் டிரைவ் என்று அவர்கள் காட்டும் நேர்ரோட்டில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

காலமாற்ற இயல்

இருபதாண்டில் வண்டிகளிலிருந்து பல உறுப்புகள் மறைந்துவிட்டன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைவிதி வந்தபின் புதுவண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலைத் தாமே அளந்து பீய்ச்சிக்கொள்கின்றன; அவற்றில் கார்புரேட்டர் இல்லை. அதனோடு ரிசர்வ் குழாயும் போயிற்று. மீளோட்டுநரின் இடக்கை டேங்கின் அடியில் அதைத் தேடித் தேடித் திரும்புவது காண்பதற்கு உருக்கமானது. வண்டி முக்கினால் குனிந்து திருப்ப இப்போது ஒன்றுமில்லை. முக்கினால் முக்கினதுதான், பங்க் வரை தள்ளு.

முகப்பு விளக்கை அணைக்கிற சுவிட்சும் கிடையாது. 2017 ஏப்ரல் முதல் விற்கிற வண்டிகளில் எஞ்சின் ஓடினால் விளக்கு எரிந்தே தீரும். எதிரில் வருகிற இன்னொரு மூத்தவர், “லைட்டு எரியுதுங்க” என்று கையை விரித்து விரித்துக் காட்டிவிட்டுப் போவார். நன்றி சொல்லுக, விளக்கம் சொல்ல நிற்க வேண்டாம்.

ஐ3எஸ் உள்ள ஸ்பிளெண்டரின் குறும்பு தனி. நியூட்ரலில் சில நொடி நின்றால் எஞ்சினைத் தானே அணைத்துக்கொள்ளும். கிளட்ச்சைப் பிடித்தால் தானே கிளம்பும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாத மீளோட்டுநர் சிக்னலில் வண்டி செத்துப்போனதென்று நம்பி, இறங்கி, ஓரம் தள்ள ஆரம்பிக்கிறார். பின்னால் ஹாரன் ஒலிக்கிறது. அவர் கிளட்ச்சைப் பிடிக்கிறார். வண்டி உயிர் பெறுகிறது. இவ்வனுபவம் பெற்றவர் சிலர் அன்று மாலையே கோயிலுக்குப் போனதாகக் கேள்வி.

உருப்படியான மாற்றம் ஒன்றும் உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளில் இரு பிரேக்கும் இணைந்திருக்க வேண்டும், இல்லையேல் ஏபிஎஸ் இருக்க வேண்டும் என்பது விதி. இணைந்த பிரேக்கில் பின்பிரேக்கை மிதித்தால் முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். பழைய ஆட்கள் முன்பிரேக்கைத் தொடவே அஞ்சுவர் ஆதலால் இது அவர்களுக்கென்றே இயற்றிய சட்டம் எனலாம். ஆனால் கொள்ளும் சோளமும் ரோட்டில் காயப்போட்டு, போகிற வருகிற வண்டிகளைத் தாம்படிக்கவைக்கிற நம் வட்டாரத்தில், அந்த மணிகள்மேல் எந்தப் பிரேக்கும் பயன்படாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நேராகப் போய்க் கடக்க வேண்டும்.

விலையியல்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. 349 சிசி புல்லட்டும் இந்த வரம்புக்குள் நுழைந்துவிட்டதால், அவாவியலில் தோற்ற இளைஞன் மறுபடி தலைதூக்குவான். “பத்து பர்சன்டு மிச்சம்” என்பான். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை என்பதை அவனுக்கு நினைவூட்டுக.

முடிபு

வேட்டி கட்டுபவர், ஊருக்குள்ளும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் மட்டும் போகிறவர், எக்ஸ்எல் எடுக்கட்டும். வாத்தியாராக இருந்தவர் எக்ஸ்எல்லில் போனால் மதிப்புக் குறையும் என்று நினைப்பவர் உண்டு. விழுந்து எழுந்தால் இன்னும் குறையும். சங்ககிரி தாண்டி 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் சேலம் போய்வருபவர் எக்ஸ்எல்லில் போகக் கூடாது. லாரிகள் ஒதுங்கிப் போகும்போது அடிக்கிற காற்றுக்கே அது ஆடும். அவருக்கு ஷைன் 100 அல்லது ஸ்பிளெண்டர். முழங்கால் தேய்ந்தவர் முதலாவதை, பட்டறை நம்பிக்கை உள்ளவர் இரண்டாவதை எடுக்கலாம். புல்லட்டை எதிர்வீட்டில் பார்த்து மகிழ்க.

கடைசியாக ஒன்று. ஷோரூமுக்குக் கிளம்பும் முன் பீரோவைத் திறந்து லைசென்ஸின் தேதியைப் பாருங்கள். நாற்பது தாண்டியவர் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். ஐம்பத்தைந்துக்கு மேல் ஐந்து ஐந்து ஆண்டாகத்தான் கிடைக்கும். காலாவதியாகி ஓராண்டு கடந்திருந்தால் தேர்வு மறுபடி உண்டு. வண்டி அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்; முதலில் சங்ககிரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் எட்டுப் போட்டுவிட்டு வாருங்கள்.