பென்டிரைவ் மாமா

பந்தியில் யார் யார் இன்னும் சாப்பிடவில்லை என்று தலை எண்ணுகிறவர் ஒருவர், எந்த ஊருக்கு எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று மனப்பாடமாகச் சொல்கிறவர் ஒருவர், டாக்டரிடம் போவதற்கு முன்பே மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுகிறவர் ஒருவர். குடும்பம் என்று இருந்தால் இவர்கள் இருப்பார்கள். கடந்த இருபது வருஷத்தில் இந்த வரிசையில் இன்னொருவரும் வந்து சேர்ந்திருக்கிறார். அவருடைய சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவியோடு ஒரு பென்டிரைவும் தொங்கும். பீரோ சாவி தொலைந்தால் காலையில் தேடிக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார். பென்டிரைவ் தொலைந்தால் அன்றிரவு தூக்கம் கிடையாது. அதற்குள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது.

உறவுமுறை வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் சித்தப்பா, இன்னொரு வீட்டில் மச்சினர், மற்றொன்றில் மாடி போர்ஷன்காரர். நமக்கு மாமா என்று வைத்துக்கொள்வோம். குரோம்பேட்டைவாசி. வயது ஐம்பதை ஒட்டி. வேலை ஐ.டி. கம்பெனியில். அங்கே பகல் முழுக்க, கம்பெனி கொடுத்த லேப்டாப்பில், விண்டோஸில்தான் வேலை பார்க்கிறார். அந்தப் பாவத்தைச் சாயங்காலம் அடுத்தவர் கம்ப்யூட்டரில் கழுவுகிறார்.

மாமா முன்னால் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "எங்க வீட்டு சிஸ்டம் கொஞ்ச நாளா ரொம்ப ஸ்லோ." கிரகப்பிரவேசமா, வளைகாப்பா, பதினாறாம் நாள் காரியமா என்றெல்லாம் மாமா பார்ப்பதில்லை. இலையில் பாயசம் விழுந்துகொண்டிருக்கும்போதே, "எத்தனை ஜி.பி. ராம்?" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்கப்பட்டவருக்கு ராமன் ஒருவனைத்தான் தெரியும். "அதெல்லாம் பையனுக்குத்தான் தெரியும்" என்பார். "நானே வந்து பாக்கறேன்" என்பார் மாமா. வருவார். அதுதான் அவரிடம் உள்ள பயங்கரமான நல்ல குணம்.

அவருக்கு ஆண்டுகள் எண்களாக ஞாபகம் இருப்பதில்லை. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 2004 அக்டோபரில் முதன்முதலாக வெளிவந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மிருகத்தின் பெயர். மாமாவுக்குக் கல்யாணம் ஆனது அந்த முதல் பதிப்பான 'வார்ட்டி வார்ட்ஹாக்' காலத்தில். மகள் பிறந்தது 2006 ஜூனில், 'டாப்பர் டிரேக்'கோடு. "கல்யாண நாளை வருஷா வருஷம் மறந்துடுவார், அந்தக் காட்டுப்பன்றியை மட்டும் மறக்க மாட்டார்" என்பது மாமியின் நிரந்தரக் குறை. அப்போதெல்லாம் கேட்டவர்களுக்கு உபுண்டு சி.டி.யைத் தபாலில் இலவசமாகவே அனுப்புவார்கள். 2011-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். மாமா வீட்டு அலமாரியில் அந்த உறைகள் இன்னும் இருக்கின்றன. கல்யாண ஆல்பம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

2025-இல் மாமாவுக்குத் தீபாவளி ஆறு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் சில்லாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. மற்றவர்கள் பட்டாசும் பட்சணமும் வாங்கிக்கொண்டிருக்க, மாமா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். முதல் நிறுத்தம், பல்லாவரத்தில் அக்கா வீடு.

"முதல்ல சும்மா ஓட்டிப் பாருங்க அத்தான். பென்டிரைவ்லேயே ஓடும். ஹார்ட் டிஸ்கைத் தொடவே மாட்டேன். பிடிக்கலைன்னா பிடுங்கிட்டுப் போயிடறேன்."

சொன்னது சத்தியமான உண்மை. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் அதற்கு கம்ப்யூட்டர் பென்டிரைவிலிருந்து எழுந்திருக்க வேண்டும். எழுப்பும் பொத்தான் எஃப் 2-ஆ, எஃப் 12-ஆ, எஸ்கேப்பா, டிலீட்டா என்பது தயாரித்தவருக்கே வெளிச்சம். மாமா நான்கு விரலால் நான்கையும் அமுக்கிப் பிடித்தார். ஐந்தாவது தடவை நீலத்திரை ஒன்று வந்தது. அதில் 'செக்யூர் பூட்' என்ற வரியைக் கண்டதும் அவர் முகம், கல்யாண மண்டபத்தில் பழைய பங்காளியைப் பார்த்துவிட்டதுபோல இறுகியது. அதை அணைத்தார். அப்புறம் உபுண்டு 24.04 வந்தது. எல்லாம் ஓடியது. அத்தானே கொஞ்சம் அசந்துபோனார்.

"போட்டுடலாமா?" என்றார் மாமா. இது கேள்வி இல்லை. அதற்குள் அவர் கை பார்ட்டிஷன் திரைக்குப் போய்விட்டது. வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் போடவா, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கிப் போடவா என்று அது கேட்கிறது. அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"டேய், சின்னவ கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான்டா இருக்கு."

"பேக்கப் எடுத்து வெச்சிருக்கே இல்ல?"

"அப்படின்னா?"

இங்கே மாமாவின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். வேறு யாராவது என்றால் 'ஒண்ணும் ஆகாதுக்கா' என்று சொல்லிக் காரியத்தை முடித்திருப்பார்கள். மாமா தம் பையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்து, அத்தனை போட்டோவையும் அதில் நகலெடுத்து, திறந்து சரிபார்த்து, அப்புறம்தான் மேற்கொண்டு நகர்ந்தார். ராத்திரி சாப்பாடு ஆயிற்று. நமது குடும்பங்களின் கல்யாணமும் காதுகுத்தும் பிழைத்துக் கிடப்பதே இப்படிப்பட்ட மாமாக்களின் ஹார்ட் டிஸ்கில்தான். லினக்ஸ் ஒட்டாத வீட்டில்கூட பேக்கப் மிஞ்சும்.

போட்டு முடித்ததும் வை-ஃபை வரவில்லை. அந்த வை-ஃபை சில்லுக்கான டிரைவரை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட் வருவதற்கு அந்த டிரைவர் வேண்டும். மாமா அசரவில்லை. போனை யு.எஸ்.பி. கேபிளில் செருகி, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். டெர்மினல் என்ற கறுப்புச் சதுரத்தைத் திறந்து, "பாஸ்வேர்டை அடிங்க அத்தான்" என்றார். அத்தான் அடித்தார். திரையில் எழுத்தும் வரவில்லை, புள்ளியும் வரவில்லை.

"மாப்ளே, கீபோர்டு போச்சு."

"போகலை அத்தான். அது அப்படித்தான். எத்தனை எழுத்துன்னுகூடப் பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக்கூடாது. பாதுகாப்பு."

"பக்கத்துல நிக்கறது நீ ஒருத்தன்தான். பாஸ்வேர்டை வெச்சதும் நீதான்."

வை-ஃபை வந்தது. பாட்டு வந்தது. பிரிண்டர் வரவில்லை. அக்கா பேத்தியின் பள்ளிக்கூட வேலைக்கு ஒரு பக்கம் அச்செடுக்க வேண்டும் என்றாள். மாமா பிரிண்டரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவர்கள் லினக்ஸுக்கு ஒழுங்கான டிரைவர் தராத ஜாதி. இப்படிச் சிக்கிக்கொள்ளும் சமயங்களில் மாமா பேச்சை உலக அளவுக்கு உயர்த்திவிடுவார். "உன் போன்ல ஓடற ஆண்ட்ராய்டுக்கு அடியில என்னன்னு நினைச்சே? லினக்ஸ் கர்னல். உலகத்துலேயே வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியல் போடறாங்களே, 2017 நவம்பர்லேருந்து அத்தனையிலும் லினக்ஸ். 2021-ல நாசா செவ்வாய்க் கிரகத்துல ஒரு குட்டி ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுதே, அதுக்குள்ளேயும் இதுதான்!"

"செவ்வாய்ல பறக்கறது சரிடா. பல்லாவரத்துல ஒரு பக்கம் பிரிண்ட் வருமா?"

இதற்கு இதுவரை யாரிடமும் பதில் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. லினக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததற்கே ஒரு பிரிண்டர்தான் ஒரு காரணம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தாள் சிக்கிக்கொண்டால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி பழைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிதாக வந்த லேசர் பிரிண்டரிலும் அதையே செய்யப் பார்த்தார். மூலநிரலைத் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். நம் ஆளாக இருந்தால் பிரிண்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். ஸ்டால்மன் 1983 செப்டம்பரில், யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற நிபந்தனையோடு முழு இயங்குதளமே எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கு வேண்டிய மையப்பகுதியான லினக்ஸ் கர்னலை ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக 1991-இல் எழுதினார். ஆகமொத்தம் ஒரு பிரிண்டரின் மேல் வந்த கோபம் செவ்வாய்க் கிரகம் வரை போய்விட்டது. பிரிண்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அத்தான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சங்கத் தீர்மானங்கள் அத்தனையும் யூனிகோடுக்கு முந்தைய ஒரு தமிழ் எழுத்துருவில் தட்டியவை. உபுண்டுவில் திறந்தால், தண்ணீர்த் தொட்டி கழுவும் தீர்மானம் வேற்றுக்கிரகத்துச் செய்தியாகத் தெரிந்தது. "உன் லினக்ஸுக்குத் தமிழ் தெரியலையே" என்றார் அத்தான். எழுத்துரு இல்லாத எந்த விண்டோஸிலும் இதே கதிதான் என்று மாமா வாதாடவில்லை. கோப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போய், விடிய விடிய உட்கார்ந்து, அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். தமிழ் 99 விசைப்பலகை கற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அத்தான் பழைய டைப்ரைட்டர் கை. "இந்த வயசுல என்னால ஆகாது மாப்ளே." அந்த டைப்ரைட்டர் முறையும் லினக்ஸில் இருக்கிறது என்று மாமா அதையே வைத்துக் கொடுத்தார். அன்றைக்குத்தான் அத்தான் முகத்தில் முதல் சிரிப்பு தெரிந்தது.

மாமாவின் மனக்காயங்கள் தனி. 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது. மாமா ஊர் முழுக்கச் சொல்லிப் பூரித்தார். பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்தார்கள், விண்டோஸில் நுழைந்தார்கள், படம் பார்த்தார்கள். பாஸ் பாவம் ஒரு மூலையில் கூப்பிடுவாரில்லாமல் கிடந்தது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே படிக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் பாலக்காட்டில் பெண் எடுத்திருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றும். மாமி காதில் விழாதபடி தோன்றும்.

தம் இனத்தாரிடமாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. உபுண்டுபோல டெபியன், ஆர்ச் என்று லினக்ஸில் பல வகை. உபுண்டு போடுகிறவரை டெபியன்காரர் குழந்தை என்கிறார். டெபியன்காரரை ஆர்ச்காரர் கிழவர் என்கிறார். ஆர்ச்காரரை யாரும் எதுவும் சொல்வதற்குள், தாம் ஆர்ச் போட்டிருப்பதை அவரே மூன்று தடவை சொல்லிவிடுகிறார். மாமா மாற்ற முடியாத மனிதர்களும் உண்டு. ஆடிட்டர் நண்பருக்கு டேலி வேண்டும். அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. மருமகனுக்கு வேலரன்ட் விளையாட வேண்டும். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை உள்ளேயே விடாது. இந்த இரண்டு வீட்டிலும் மாமா காபி மட்டும் சாப்பிடுவார்.

மாறிய வீடுகளில் நடப்பது வேறு கதை. ராத்திரி பத்தரைக்கு போன் வரும்: "மாமா, ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு." மாமா லுங்கியை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரை உதைப்பார். எந்தப் பெரிய கம்பெனியின் சேவை மையமும் இப்படிக் கிளம்பி வராது. யோசித்துப் பார்த்தால், அமெரிக்கக் கம்பெனியின் பிடியிலிருந்து விடுதலை வாங்கிக் கொடுக்கிறேன் என்று வந்தவர், பதினைந்து குடும்பத்தைக் குரோம்பேட்டையின் பிடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பதினைந்து வீட்டிலும் பிரிண்ட் நிற்கிறது. எல்லாவற்றையும் திறந்து வைக்கும் இந்தத் தத்துவத்தில், பாஸ்வேர்ட் மட்டும் மாமாவிடம் இருக்கிறது.

விதிவிலக்கு ஒரே ஒருவர். மாமியின் அம்மா, தாம்பரம் பாட்டி. அவர் தேவை நான்கு: யூடியூபில் உபன்யாசம், விட்டுப்போன சீரியல், டல்லாஸ் பேரனோடு வீடியோ பேச்சு, பெரிய எழுத்தில் செய்தி. நான்கும் பிரவுசரிலேயே முடிந்துவிடுகிறது. மாமா போட்டுக் கொடுத்ததிலிருந்து வைரஸ் இல்லை, கறுப்புத் திரை இல்லை, ஒரு போன் இல்லை. அது லினக்ஸ் என்றே பாட்டிக்குத் தெரியாது. மாமாவின் மதத்தில் முக்தி அடைந்த ஒரே ஆத்மா அவர்தான். அந்த வெற்றியைத்தான் மாமாவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. போன வாரம் போய் நின்றார்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லையே மாப்பிள்ளை, எதுக்கு இந்த வெயில்ல வந்தீங்க?"

"இதைவிடப் புது வெர்ஷன் வந்திருக்கு. மாத்திடலாமேன்னு..."

"இது கெட்டுப்போச்சா?"

"இல்ல. இதுக்கே 2029 வரைக்கும் அப்டேட் வரும்."

"அப்ப நல்லா ஓடறதை எதுக்கு மாத்தணும்?"

ஊரிலுள்ள விண்டோஸ்காரர்கள் எல்லோரும் அவரிடம் கேட்டது இதே கேள்விதான். அவர்களுக்குச் சொல்ல அவரிடம் முப்பது பதில் இருந்தது. மாமியாருக்குச் சொல்ல ஒன்றுகூட வாயில் வரவில்லை. கொடுத்த காபியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து போர்ஷனில் புதிதாக யாரோ குடிவந்திருக்கிறார்களாமே, அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டா என்று விசாரித்தார்.