சில்லி மிஸ்டேக்

என் அக்கா மகன் இன்றுவரை கணக்கில் ஒரு தப்புகூடச் செய்ததில்லை. அவன் செய்வதெல்லாம் சில்லி மிஸ்டேக்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள், வெளிநாட்டு மேல்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை வீட்டில் வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்துப் பழகாதவர்கள். தப்பு என்பது தெரியாதவன் செய்வது. சில்லி மிஸ்டேக் என்பது எல்லாம் தெரிந்தவன் போனால் போகிறதென்று செய்வது. இரண்டிலும் மார்க் போகும். ஆனால் இரண்டாவதில் கௌரவம் போகாது. "கான்செப்ட் க்ளியரா இருக்கு மாமா" என்று அவன் நெஞ்சை நிமிர்த்தும்போது, ரன் அவுட் ஆன பேட்ஸ்மேன் பிட்சை முறைத்துக்கொண்டே திரும்பி வரும் தோரணை இருக்கும்.

இந்த ஜாதிப் பிள்ளைகளை எங்கேயும் பார்க்கலாம். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தும் ஐடி கார்டைக் கழற்றமாட்டார்கள். சனி, ஞாயிறு என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். அங்கே கீழ்த்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதி உண்டு. காலையிலேயே போய் இடம் பிடித்து, மேஜையில் தண்ணீர் பாட்டில், ஹைலைட்டர், ஸ்டாப் வாட்ச் எல்லாவற்றையும் கொலு மாதிரி அடுக்கிவிட்டு, டீ குடிக்க வெளியே போய்விடுவார்கள்.

நம்மாள் படிக்க ஆரம்பித்த புதிதில் ஜிஆர்இ கணக்கைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்க நியாயமும் இருந்தது. அதில் கால்குலஸ் கிடையாது, சைன் காஸ் கிடையாது. சதவீதம், விகிதம், சராசரி, அடுக்கு, முக்கோணம், கொஞ்சம் நிகழ்தகவு. மிஞ்சி மிஞ்சிப் போனால் பத்தாம் வகுப்பு. லாப்லாஸையும் ஃபூரியரையும் அரியர் வைத்தாவது தாண்டி வந்தவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? "க்வான்ட் ஒன்செவன்டி ஃபிக்ஸ்டு மாமா. வெர்பல்தான் பார்க்கணும்" என்றான். 170 என்பது முழு மதிப்பெண். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இப்படியே சொல்லி, அதில் ஏகப்பட்ட பேர் வாங்கியும் விடுவதால், 170 எடுத்தாலும் பெர்சன்டைல் 99 வராது என்பது தனிச் சோகம்.

அடுத்த மாதமே மாக் டெஸ்டில் 158 வந்தது. எழுதின நோட்டோடு கீழே இறங்கி வந்தான். அக்கா குடும்பம் மாடியில். நானும் மனைவியும் அம்மாவும் கீழ் போர்ஷன். வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் வட்டி கணக்குப் போட்டவன் என்ற ஒரே தகுதியில் எனக்கு விடை சரிபார்க்கும் வேலை.

அந்தத் தேர்வில் ஒரு வகைக் கேள்வி உண்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று கொடுத்திருப்பார்கள். எது பெரியது? இடது, வலது, இரண்டும் சமம், கொடுத்ததை வைத்துச் சொல்ல முடியாது என்று நான்கே விடை. எந்தக் கேள்விக்கும் இதே நான்குதான். பார்த்தால் பரம சாது. அன்றைக்கு வந்தது: எக்ஸ் பூச்சியத்தை விடப் பெரியது. எக்ஸ் ஸ்கொயர் பெரிசா, எக்ஸ் பெரிசா?

"எக்ஸ் ஸ்கொயர். நாலு செகண்டு" என்றான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், சொல்ல முடியாது என்று போட்டிருந்தது. "அச்சுப் பிழை" என்றான். நானும் ரெண்டு, மூணு, பத்து என்று போட்டுப் பார்த்தேன். அச்சுப் பிழை என்றுதான் எனக்கும் பட்டது.

அம்மா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயசு எழுபத்தெட்டு. "எதை எதால பெருக்கணும்?" என்றாள்.

"ஒரு நம்பரை அதே நம்பரால பெருக்கணும் பாட்டி. பெரிசாத்தானே ஆகும்?"

"அரையை அரையால பெருக்கினா காலு. காலு அரையை விடப் பெரிசாடா?"

அம்மாவின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்தாவதோடு நிறுத்தினாரே தவிர, கீழ்வாய் இலக்கத்தை விடவில்லை. கால், அரைக்கால், வீசம் என்று இறங்கி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் அவளுக்குப் பாடம். அரையால் காலைப் பெருக்கினால் அரைக்கால். பெருக்கல் கணக்கே பெயராக இருக்கிற பாஷையில் வளர்ந்தவளிடம், பெருக்கினால் பெரிசாகும் என்று போய்ச் சொன்னால்?

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கீரையையே பார்த்தான். பிறகு, "ஃப்ராக்ஷன் தெரியாமலா பாட்டி? சில்லி மிஸ்டேக்" என்றான்.

அன்றிலிருந்துதான் எரர் லாக் ஆரம்பம். இருநூறு பக்க நோட்டு. தேதி, கேள்வி, என் விடை, சரியான விடை, காரணம் என்று ஐந்து கட்டம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: கான்செப்ட், டைம், சில்லி. ஆறு மாதம் கழித்து ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். கான்செப்ட் பூச்சியம். டைம் பதினொன்று. சில்லி 214.

சில்லிக்குள்ளும் கிளைகள் வைத்திருந்தான். எக்ஸ் பூச்சியமாகவும் இருக்கலாம் என்பதை மறந்தது. ஒன்றைப் பகா எண்ணில் சேர்த்தது. இரட்டைப்படை என்பதற்காக இரண்டை அதிலிருந்து தள்ளியது. கேள்வியில் இருந்த 'தவிர' என்ற வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்தது. படத்தை நம்பியது. இந்தக் கடைசி ஐட்டம் மட்டும் முப்பதுக்கு மேல். ஜிஆர்இயில் முக்கோணம் வரைந்திருந்தால் அது அளவுப்படி வரைந்ததாக இருக்கவேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். இருந்தாலும் ஒரு மூலை செங்கோணம் போலத் தெரிந்தால் பையனுக்குக் கை நிற்காது, பித்தாகரஸைப் போட்டுவிடுவான். அவனைக் குறை சொல்லக் கூடாது, குடும்ப வியாதி. மனை விற்கிறவர்கள் போட்ட படத்தைப் பார்த்து 'பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில்' என்று அவன் அப்பா வாங்கிய இடத்தில் இன்றும் மயில் மேய்கிறது.

ஒரே ஒருமுறை அவன் சொன்ன கணக்கு முழுக்கச் சரியாக இருந்தது. ஆடித் தள்ளுபடிக்கு தி.நகர் போயிருந்தோம். ஐம்பது பர்சென்ட், அதற்கு மேல் இருபது பர்சென்ட் என்று போர்டு. அக்கா எழுபது பர்சென்ட் என்று மகிழ்ந்துபோனாள். இவன் வழிமறித்து, முதலில் பாதி போகும், மீதிப் பாதியில்தான் இருபது கழியும், ஆகவே அறுபதுதான் என்று அந்தக் கூட்டத்திலேயே பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினான். நிமிர்ந்து பார்த்தபோது அந்த மாம்பழக்கலர் புடவை வேறொரு அம்மாளின் தோளில் இருந்தது. "கணக்கு சரிதாண்டா. புடவை எங்கே?" என்றாள் அக்கா.

தேர்வு நெருங்க நெருங்க, எளிய கணக்கைக் கண்டாலே முகம் வாடத் தொடங்கியது. காரணம் உண்டு. 2023 செப்டம்பரில் ஜிஆர்இயை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கிவிட்டார்கள். கணக்கு இரண்டு பகுதி: முதலில் 12 கேள்விக்கு 21 நிமிடம், அடுத்தது 15 கேள்விக்கு 26 நிமிடம். முதல் பகுதியை நன்றாகச் செய்தால் இரண்டாவது பகுதி கடினமாக வரும். ஆக, சுலபமாக வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். "சாமி, கஷ்டமா வரணும்" என்று நங்கநல்லூர் ஆஞ்சநேயரிடம் வேண்டிக்கொண்டவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கடைசி நான்கு மாக்கிலும் 167, 168 என்று வந்துவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் மாமன் ஓரவஞ்சனை செய்தான் என்று ஆகிவிடும். பையன் உழைத்தான். விடிகாலை நாலரைக்கு மாடியில் பென்சில் சீவுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

தேர்வு நாளன்று தயிர்சாதம், விபூதி, வாசலில் எதிரே வர பால்பாக்கெட்டோடு என் மனைவி என எல்லா ஏற்பாடும் நடந்தது. ஒன்பதரைக்குப் போனவன் பத்தே முக்காலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினான். 47 நிமிடக் கணக்கை இவன் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டான் போலிருக்கிறது என்று எனக்கு ஒரு கணம் பெருமைகூட வந்தது.

உள்ளேயே விடவில்லை. பாஸ்போர்ட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயர் முழுசாக, ராமலிங்கம் என்று இருக்கிறது. தேர்வுக்குப் பதிவு செய்தபோது நம்மூர் வழக்கப்படி இனிஷியலை மட்டும் போட்டிருக்கிறான். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும் என்பது விதி. விதியை இவனும் படித்திருக்கிறான், ஹைலைட்டர்கூட அடித்திருக்கிறான். கட்டின பணம் இருபதாயிரத்துக்கு மேல். திரும்ப வராது.

யாரும் எதுவும் பேசவில்லை. அம்மாதான், "பேரையாடா தப்பா எழுதினே?" என்றாள்.

"என் பேரு எனக்குத் தெரியாதா பாட்டி?"

சட்டையைக்கூட மாற்றாமல் நோட்டை எடுத்து உட்கார்ந்தான். கோடு போட்டான். என் விடை: ஆர். சரியான விடை: ராமலிங்கம். பின்னால் வந்து நின்ற மச்சான், சரியான விடைக் கட்டத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையின் பேனா நின்றது. கான்செப்ட் என்று எழுதப்போகிறானோ என்று எனக்கே பதைபதைத்தது.

சில்லி என்று எழுதினான். ஓரத்தில் எண் போட்டான்: 215.