நம்ம எண்ட் ஓகே சார்

கோயம்புத்தூர் கிளையில் சரியாகப் பதினொன்றரை மணிக்கு எங்கள் கம்ப்யூட்டர்கள் தொங்கும். பில்லில் பாதி ஏறியிருக்கும். மீதி, சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போகும் வழியில் எங்கேயோ நிற்கும். அதே லைனில் போன் பேசும் மேனேஜரிடமிருந்து "அந்தப் பார்ட்டிக்கு... அனுப்பாதீங்க" என்று வரும். எந்தப் பார்ட்டி, எதை அனுப்பக்கூடாது என்று கேட்டால் நம் கேள்வியில் பாதி அவருக்குப் போகாது. சரக்கு போய்விடும். அப்போதுதான் நெட்வொர்க் சாரைத் தேடுவோம்.

அவர் ஒரு ஆள் இல்லை, ஒரு ஜாதி. இரண்டு ஊரில் கிளை வைத்திருக்கும் எந்தக் கம்பெனியிலும் பார்க்கலாம். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். சர்வர் ரூம் ஏசி அப்படி. அந்த ரூம் சாவியைக் கோயில் உண்டியல் சாவி மாதிரி வைத்திருப்பார். சட்டைப்பையில் சில்லறை இருக்கவேண்டிய இடத்தில் கேபிள் முனையில் மாட்டுகிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தலைகள் கலகலக்கும்.

லைன் மொத்தமாக அறுந்துபோனால் அவருக்குக் கல்யாண வீடு. சாக்கடைக்குத் தோண்டிய பொக்லைன் ஃபைபரை இழுத்துவிட்டது என்று போட்டோவோடு மெயில் அனுப்பி, ராத்திரி முழுக்கக் குழியோரம் நின்று, விடிகாலையில் வீரராகத் திரும்புவார். விட்டு விட்டுப் போனால்தான் அவருக்குப் பிடிக்காது. நாம் கூப்பிட்டு, அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் ஓடத் தொடங்கியிருக்கும். நம்மை ஒரு பார்வை பார்ப்பார். பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றுவலி சொல்லும் பிள்ளையை அப்பா பார்க்கும் பார்வை அது.

பிறகு கறுப்புத் திரையைத் திறந்து, பாக்கெட் என்னும் தகவல் துண்டுகளை அந்த முனைக்கு அனுப்பித் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் பிங் போடுவார். நான்கு அனுப்பினேன், நான்கும் வந்தது, லாஸ் பூஜ்யம். "பாருங்க சார், நம்ம எண்ட் ஓகே."

இந்த பிங்கை 1983 டிசம்பரில் ஒரே மாலையில் எழுதியவர் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் இருந்த மைக் மூஸ். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலிதான் அந்தப் பெயர். இதுதான் தனக்குப் பேர் வாங்கித் தரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உட்கார்ந்து செய்திருப்பேன் என்று பிற்பாடு எழுதினார். நம்ம சாருக்கு அந்த ஒரு மாலையே அதிகம். கணக்குப் பிரிவில் இருப்பதால் நான் போட்டுப் பார்த்தேன்: நூற்றுக்கு 2 பாக்கெட் தொலைந்துகொண்டே இருந்தாலும், நான்கே நான்கு அனுப்பிப் பார்ப்பவருக்கு 100 தடவையில் 92 தடவை எல்லாம் நலமாகத்தான் தெரியும். போதாததற்கு அவர் அனுப்புவது 32 பைட் பொடிசு. நம் பில் ஏறுவது 1,500 பைட் மூட்டையாக. கூட்ட பஸ்ஸில் சின்னப் பையன் நுழைந்து போய்விட்டான் என்பதற்காக, அரிசி மூட்டையும் போகும் என்று சொல்ல முடியுமா?

சொன்னேன். "அக்கவுண்ட்ஸ்ல வேலை கம்மியா சார்?" என்றார்.

பிறகு கான்ஃபரன்ஸ் கால். சென்னையில் இவருடைய அச்சாக இன்னொருவர். நடுவில் லைன் கொடுத்த கம்பெனிக்காரர். சென்னை எண்ட் ஓகே. கோவை எண்ட் ஓகே. லைன்காரர் வரைபடம் அனுப்பியிருக்கிறார், அதுவும் ஓகே. இரண்டு பஞ்சாயத்து எல்லையில் நிற்கும் தெருவிளக்கு மாதிரி, பாக்கெட் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் இருட்டில் கிடந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. லாஸ் லைனிலா, ஆட்களிலா என்று எனக்குச் சந்தேகம்.

ஒன்றரை மாதம் இப்படிப் போனது. புகார் டிக்கெட் எண்கள் மட்டும் ஒரு பக்கம் சேர்ந்தன.

கடைசியில் பயிற்சிக்கு வந்திருந்த பெண், யாரும் கேட்காமலே ஸ்விட்சின் எர்ரர் கணக்கைத் திறந்து பார்த்தாள். லைன்காரரின் பெட்டியில் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் அழுத்தி வைத்திருக்கிறது. நம் ஸ்விட்ச் ஆட்டோவில். அந்தப் பக்கம் பேச்சுவார்த்தைக்கே வராததால், வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு, விதிப்படி ஹாஃபில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஒருவருக்கு இது இருவழிச் சாலை; இன்னொருவருக்கு, எதிரே வண்டி வந்தால் நின்று போகவேண்டிய ஒற்றைப் பாலம். காலையில் ஆளில்லாதபோது சரி. பதினொன்றரைக்கு இரண்டு பக்கமும் சரக்கு கிளம்பியதும் மோதல்.

"எப்ப மாத்தின ஸ்விட்ச் அண்ணா இது?" என்று அவள் கேட்டாள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி. மாற்றியவர் ஸ்வெட்டரில் இருந்தார்.

அன்று மாலை எல்லோருக்கும் மெயில் வந்தது: லிங்க் பாராமீட்டர்கள் மேம்படுத்தப்பட்டன. என் மேஜைக்கும் வந்தார். பில் தடங்கலில்லாமல் ஏறுவதை நின்று பார்த்தார்.

"இப்ப நம்ம எண்டும் ஓகே சார்" என்றார்.

அந்த 'உம்'மை நான் கவனித்ததை அவர் கவனித்தார். சாவி குலுங்கச் சர்வர் ரூமுக்குப் போய்விட்டார்.